மூன்று நாள் விருந்தாளி

லோகேஸ்வரி வீட்டு ஃபிரிட்ஜ்
மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தது.

பொன்னம்மாப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
ஆட்டோ நுழையாத சந்து.
நாலு பேர் தூக்கி, நிலையில் இடித்து,
கதவில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தம் எங்கோ தெறிக்க,
உள்ளே தயிர் தளும்பத் தளும்ப
எங்கள் பீரோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.
கேமராவோடு சென்னையிலிருந்து வந்த பையன்
பணிவாகத்தான் சொன்னானாம்:
"இது இருந்தா கதை நிக்காதும்மா."

மெத்தை மாடிக்குப் போனது.
டைல்ஸ் தரையைக் கோணிப்பை மூடியது.
அவள் அப்பாவுக்குச் சீலநாயக்கன்பட்டியில் டயர் கடை,
இரண்டு பேர் வேலைக்கு.
பழைய பனியன் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.
"அவ்வளவு பழசு இல்லீங்களே" என்று தலையைச் சொறிந்தார்.
என் வீட்டுக்காரருடையதை எடுத்துக் கொடுத்தேன்.
அக்குளில் ஓட்டை விழுந்தது,
வண்டி துடைக்க வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு
அந்த ஓட்டையை ஊரே பார்த்தது.

பாட்டு நாற்பது நொடி.
அதற்கு முன்னால் அழுகை, நாலரை நிமிடம்.
நடுவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்,
மெதுவாக, மூன்று கோணத்தில்.
பனியன் யாருடையது என்று தெரிந்தும்
நானும் அழுதேன். அது வேறு.

நல்ல குரல் அவளுக்கு, அதைச் சொல்லிவிட வேண்டும்.
மேட்டூர் தண்ணி வரும் விடிகாலைகளில்
குடத்தை வைத்துவிட்டு அவள் பாடினால்
என் குழாயைச் சின்னதாக்கிக்கொண்டு கேட்பேன்.

ஐந்து ரோட்டில் பேனர் வைத்தார்கள்,
முகத்தில் இல்லாத கன்னக்குழியோடு.
ஓட்டுப் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது சந்துக்கு.
ஆத்தூரிலிருந்து முகம் தெரியாத ஒருவர்
ஒரு மூட்டை அரிசி அனுப்பினார்.
திருப்பி அனுப்பவும் முடியாமல், உலையில் போடவும் முடியாமல்
அவள் அப்பா இரண்டு நாள் கடைக்கே போகவில்லை.

ஆறாவது வாரம் அனுப்பிவிட்டார்கள்.
ஜெயித்த தேனிப் பையனுக்கு அம்மா இல்லை.
"இவளுக்கு இருக்காளே, அதான்"
என்றது சந்து,
அவள் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போதே.

ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள்,
காதோரம் மேக்கப் போகாமல்.
தட்டுவடை செட் கடைக்காரர் அவளிடம் காசு வாங்கவில்லை.
"கஷ்டப்பட்ட புள்ள" என்றார்.
இருபது ரூபாயைக் காரச் சட்னிக் கிண்ணத்தடியில்
செருகிவிட்டு வந்தாளாம்.

இப்போது தண்ணி வருகிறது, குடம் நிறைகிறது,
அவ்வளவுதான்.

சந்துப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார்கள்.
சீப்புதான் மைக். முதலில் அழ வேண்டும்.
அழுகை வராதவன் அவுட்.
பாட்டு வரைக்கும் இன்னும் யாரும் போகவில்லை.

நேற்றிரவு கரண்ட் இல்லை.
மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.
ஏற்காட்டு மலையில் ஏதோ ஒரு வண்டி
வளைவுக்கு வளைவு தெரிந்து தெரிந்து மறைந்தது.
கட்டிலடியில் கிடைத்த மாம்பழக் காந்தத்தை
கைப்பிடிக் கம்பியில் ஒட்டி எடுத்து, ஒட்டி எடுத்து,
என் மகன் ரித்விக் கேட்டான்:
"அம்மா, நமக்கு என்ன கஷ்டம்?"

யோசித்தேன். பிள்ளை கேட்கிறான்.
"வீட்டு லோன் இருக்கே" என்றேன்.
"அது எல்லாருக்கும் இருக்கும்மா."
"அப்பாவுக்குச் சர்க்கரை."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
"அது பெருசாகுமா?"

உழவர் சந்தையில் தேங்காய் விலை கேட்கும் குரல்.

அடிக்கத் தோன்றவில்லை. அணைக்கவும்.
மலையில் வண்டி எந்த வளைவில் போனதோ,
வெளிச்சத்தைக் காணோம்.

பிறகு கரண்ட் வந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
லோகேஸ்வரி வீட்டு ஃபிரிட்ஜ்
ஒருமுறை உதறிக்கொண்டு
ஓடத் தொடங்கியது.